மரத்தடியின் வயது
வன்னிக் கோயில்கள் – வரலாற்றுத் தொடர், பகுதி 9

மல்லாவியிலிருந்து வவுனிக்குளம் போகும் வழியில், தெருவை விட்டு வயலுக்குள் இறங்கும் வண்டிப்பாதை ஒன்றின் முடிவில் பெரிய மருதமரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் ஐயனார் இருக்கிறார். உருவம் கிடையாது. முழங்கால் உயரத்தில் ஒரு கல், பக்கத்தில் துருப்பிடித்த சூலம், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மண்விளக்கு. சற்றுத் தள்ளித் தகரக் கூரை போட்ட சிறிய மண்டபம். குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறக்கும் முன் இங்கே பொங்குவார்கள். அறுவடை முடிந்ததும் புதிர் நெல்லில் இன்னொரு பொங்கல்.

இந்தத் தொடருக்காகத் தகவல் சேர்க்கப் போயிருந்தபோது, கோயிலைப் பார்த்துவரும் பெரியவர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். ஏதோ பதிவுக்கான படிவம்.

"தம்பி, நீர் சரித்திரம் எழுதுறனீர்தானே. இதை ஒருக்கா நிரப்பித் தாரும். மற்றதெல்லாம் எழுதிப்போட்டன். இந்த ஒண்டிலதான் நிக்குது."

'கோயில் அமைக்கப்பட்ட ஆண்டு' என்று இருந்தது. எதிரே நான்கு கட்டங்கள்.

"எந்த வருசத்தைப் போடுறது? மண்டபத்துக்கோ, கல்லுக்கோ, மரத்துக்கோ?"

மண்டபத்துக்கு என்றால் சிக்கல் இல்லை. 2008 இல் போரால் ஊர் முழுக்க எழும்பிப் போனது. திரும்பி வந்து, பற்றைகளை வெட்டி, வீட்டுக்குத் தகரம் ஏறிய பிறகு 2013 இல் போட்ட மண்டபம் இது. அதற்கு முன் இருந்தது கிடுகுக் கொட்டில். அதற்கும் முன்? 1950களில் வவுனிக்குளத்தைத் திருத்திக் காணி கொடுத்தபோது இங்கே வந்தவர்களில் ஒருவர் இந்தப் பெரியவரின் தகப்பனார். காடு வெட்டிக்கொண்டு போனவர்கள் இந்த மருதடிக்கு வந்ததும் கத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். கல் அப்போதே அங்கே இருந்தது. கல்லைச் சுற்றிப் பானை ஓடுகள் கிடந்தன. "எங்களுக்கு முன்னம் ஆரோ பொங்கியிருக்கினம் எண்டு அப்பு சொல்லுவார். ஆர் எண்டு அவருக்கும் தெரியாது."

பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்தின் பழைய அணையைப் பார்த்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' என்ற தம் நூலில் அதைக் கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துக் குளங்களின் வரிசையில் வைத்தார். குளம் இருந்த இடத்தில் வயல் இருந்திருக்கும். வயல் இருந்த இடத்தில் மழையையும் யானையையும் காய்ச்சலையும் பார்த்துக்கொள்ள ஒரு தெய்வமும் இருந்திருக்கும். அந்தத் தெய்வம் இந்த மருதடியில்தான் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான்கு கட்டங்களுக்குள் 2013 என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சென்ற பகுதியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைப் பார்த்தோம். இந்தப் பகுதியில் வன்னிக் கோயில்களின் கட்டட அமைப்பைச் சொல்வதாக இருந்தேன். அதைச் சொல்லப்போனால் முதலில் வெகுதூரம் போய்வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பெரியவர் கேட்ட கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவர்கள், எனக்குத் தெரிந்தவரையில், யப்பானியர்.

அதே 2013. ஒக்டோபர் 2 ஆம் திகதி இரவு. யப்பானின் இசே என்ற ஊரில், காட்டுக்கு நடுவே, விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வெள்ளை உடை அணிந்த பூசகர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் சேவல் கூவுவதுபோல மூன்று முறை குரல் கொடுத்தார். வெள்ளைப் பட்டுத் திரையால் நான்கு பக்கமும் மறைத்தபடி, சூரியத் தெய்வமான அமதெரசுவைப் பழைய கோயிலிலிருந்து பக்கத்துக் காணியில் நின்ற புதிய கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். புதிய கோயில் அளவிலும் அமைப்பிலும் பழையதைப் போலவே இருந்தது. மரம் மட்டும் புதிது. வெட்டிய மணம் போகாத மரம். பழைய கோயிலைப் பிறகு பிரித்து எடுத்துவிட்டார்கள். அந்த வெறுங்காணியில் வெள்ளைக் கூழாங்கற்களும், நடுவில் புனிதமான ஒரு கட்டையை மூடிய சின்னஞ்சிறு குடிலும் மட்டும் மிஞ்சின. அடுத்த கோயில் அந்தக் காணியில்தான் எழும்.

இப்படி இசேயில் கோயில் மாறியது 62 ஆவது தடவை. முதல் தடவை 690 ஆம் ஆண்டு, பேரரசி ஜிதோவின் காலத்தில். இருபது ஆண்டுகளுக்கு ஒரு தடவை என்பது முறை. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் நாடு உள்நாட்டுப் போரில் சிதறிக் கிடந்தபோது நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மாற்றம் நின்றுபோனது. போர் ஓய்ந்ததும் திரும்பவும் தொடங்கினார்கள். இந்த ஒரு வரியை வாசித்தபோது நான் சற்றுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன். ஊர் எழும்பிப் போவதும், தெய்வத்துக்குச் செய்ய வேண்டியது நின்றுபோவதும், பிறகு வந்து விட்ட இடத்தில் தொடங்குவதும் நமக்கு மட்டும் நடந்தவை என்று நினைத்திருந்தேன்.

இசேக் கோயிலின் வயது என்ன என்று கேட்டால் 690 என்றும் சொல்லலாம், 2013 என்றும் சொல்லலாம். யப்பானியர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இரண்டும் அவர்களுக்கு முரணாகப் படுவதில்லை.

தெய்வங்களைக் 'கமி' என்றும் அந்த வழிபாட்டை 'ஷிந்தோ' என்றும் சொல்கிறார்கள். கமிகளின் வழி என்று பொருள். அதை நிறுவியவர் என்று ஒருவர் இல்லை. மலை, அருவி, பாறை, முதிர்ந்த மரம், ஊரைக் காத்த முன்னோர் என மனிதனை ஒரு கணம் நின்று கும்பிட வைக்கிற எதுவும் கமிதான். ஆதியில் கமிக்குக் கட்டடம் இருக்கவில்லை. கொரியா போகும் கடல்வழியில் கிடக்கும் ஒகினோஷிமா என்ற சிறுதீவில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. நான்காம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரை அங்கே கடலோடிகளுக்காகப் படையல் வைத்திருக்கிறார்கள். முதலில் பெரும்பாறைகளின் மேல் வைத்தார்கள்; பிறகு பாறைகளின் நிழலில்; கடைசியில் பாறையை விட்டு விலகி வெறுந்தரையில். ஐந்து நூற்றாண்டு வழிபாட்டில் அங்கே ஒரு சுவரும் எழவில்லை. படையல் பொருட்கள் சுமார் 80,000 கிடைத்திருக்கின்றன.

கோயிலைக் குறிக்கும் அவர்களுடைய பழஞ்சொல் 'யஷிரோ'. கொட்டில் போடுவதற்கான இடம் என்பது அதன் பொருள் என்கிறார்கள். தெய்வம் வரும் நாளுக்குக் கொட்டில் போட்டு, போனபின் பிரித்துவிடுவார்கள். நம் ஊர்களில் மடைக்கும் பொங்கலுக்கும் காவிளாய் கட்டிப் பந்தல் போட்டுவிட்டு மறுநாள் அவிழ்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நூற்றாண்டில் பௌத்தம் வந்து, ஓடு வேய்ந்த பெரிய விகாரைகள் எழுந்ததைப் பார்த்த பிறகுதான் கமிகளுக்கும் நிலையான கட்டடங்கள் பெருகின.

கட்டியபோது எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இசேயின் உட்கோயில் கருவறை சுமார் 11 மீற்றர் நீளம், 5 மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம். வாசல் நீண்ட பக்கத்தில் இருக்கிறது. தூண்களுக்கு அத்திவாரக் கல் கிடையாது. மண்ணைத் தோண்டி அப்படியே நட்டவை. தளம் தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. கூரை புல்லால் வேய்ந்தது. முகட்டு வளையைத் தாங்க, சுவருக்கு வெளியே, இரண்டு முகப்பிலும் தனித்தனியாக ஒவ்வொரு தூண். கூரையின் இரு முனைகளிலும் பலகைகள் கத்தரிபோல் குறுக்கிட்டு வானத்தை நோக்கி நீள்கின்றன. முகட்டின் மேல் உருளைக் கட்டைகள் குறுக்காகக் கிடக்கின்றன. உட்கோயிலில் 10, வெளிக்கோயிலில் 9. மரத்துக்கு வர்ணம் இல்லை. ஹினோக்கி என்ற மரத்தின் சொந்த நிறந்தான்.

இந்த அமைப்பு அரண்மனையிலிருந்து வந்ததில்லை. ஈரமும் எலியும் ஏறாதபடி உயர்த்திக் கட்டிய பழங்கால நெற்களஞ்சியத்திலிருந்து வந்தது. ஷிசுவோகாவில் தொரோ என்ற இடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய வயல்களும் அத்தகைய களஞ்சியங்களின் மரத்துண்டுகளும் வெளிப்பட்டன. விதைநெல் இருக்கும் வீடு ஊரிலேயே மதிப்பான வீடு. தெய்வத்துக்கும் அந்த வீட்டையே கொடுத்தார்கள். நெல் சேர்த்து வைக்கும் நம் பழைய கொம்பறையைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். கொம்பறைக்குள் செருப்போடு போக விட்ட ஆச்சி யாராவது இருந்தாரா?

வன்னிக்கு வருவோம். கோயில் கட்டுவதற்கென்று தனியான கலை ஒன்றை இங்குள்ள குடியானவர் வைத்திருக்கவில்லை. பாலைக் கப்பும் முதிரைக் கப்பும் மண்ணில் நட்டு, வளை ஏற்றி, வரிச்சுப் பிடித்து, கிடுகோ வைக்கோலோ போட்டு மேய்ந்தார்கள். வீட்டுக்குச் செய்ததையே தெய்வத்துக்கும் செய்தார்கள். ஆனால் அளவில் ஐயனார் கொட்டில் வீட்டை ஒத்ததில்லை. மூன்று பக்கம் திறந்து, ஓர் ஆள் குந்தியிருக்கத் தக்கதாய், வயலைப் பார்த்தபடி, குளக்கட்டை ஒட்டி நிற்கும். இது காவற்கொட்டில். பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்கிறவனின் கொட்டில். யப்பானியர் தம் தெய்வத்துக்குக் களஞ்சியத்தைக் கொடுத்தார்கள். வன்னிக் குடியானவர் தம் ஐயனாருக்குக் காவற்கொட்டிலைக் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். இதை யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. ஆனால் இரவில் வயற்காவலுக்குப் போன எவரிடமும் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள்.

மண்ணில் நட்ட கப்பு எத்தனை காலம் நிற்கும்? மண்மட்டத்தில் கறையான் பிடிக்கும், மழைக்கு உக்கும். பாலையோ முதிரையோ என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். கூரையை அடிக்கடி மேய வேண்டும். இசேயிலும் அதே கணக்குத்தான். மண்ணில் நட்ட மரம் உக்குவதும் புல்லுக்கூரை நைந்து போவதும் இருபது ஆண்டு என்ற எல்லைக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் தச்சனின் வயது. இருபதில் கைப்பிள்ளையாக உளி பிடித்தவன் நாற்பதில் தானே நின்று செய்வான். அறுபதில் மற்றவர்களை நடத்துவான். ஒரு ஆயுளுக்குள் மூன்று கோயில் கட்டிவிடலாம். கட்டடம் அழியும் என்பதை ஒப்புக்கொண்டு, கட்டத் தெரிந்த கையை அழியாமல் வைத்துக்கொண்டார்கள். கோயிலோடு அதற்குள் வைக்கும் ஆடை, வாள், நெசவுக் கருவி என்று 714 வகையில் 1,576 பொருட்களையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்கிறார்கள். அந்தக் காணியில் பரப்பும் வெள்ளைக் கல்லை ஊர்மக்களே ஆற்றிலிருந்து பொறுக்கி, துணியில் பொதிந்து கொண்டுபோய் வைக்கிறார்கள். பழைய கோயிலின் மரமும் வீணாவதில்லை. முகடு தாங்கிய தூண்கள் இருபது ஆண்டுக்கு ஆற்றுப்பாலத்து வாயிலாக நிற்கும். பின்னர் வேறு ஊரின் வாயிலுக்குப் போகும்.

தமிழருக்கு இந்த எண்ணம் முற்றாகப் புதிதில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கொரு தடவை குடமுழுக்கு, அதற்கு முன் தெய்வத்தைப் பாலாலயத்தில் வைத்துவிட்டுத் திருப்பணி என்பது ஆகமக் கோயில்களின் வழக்கம். ஒடிசாவின் புரியில் சகந்நாதரின் மரத் திருமேனியையே மாற்றுகிறார்கள். கடைசியாக 2015 இல் மாற்றினார்கள். வன்னியில் இது இன்னும் எளிமையாக, பானையில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுப்பானை. நேர்த்திக்கு வைக்கும் பெரிய பானையை வளந்து என்கிறோம். போன வருடத்து வளந்தில் இந்த வருடம் யாரும் பொங்குவதில்லை. வற்றாப்பளையில் ஒவ்வொரு வைகாசியிலும் கடலிலிருந்து புதுத் தண்ணீர் எடுத்துவந்து, எண்ணெய்க்குப் பதில் அதை விட்டு விளக்கேற்றுகிறார்கள். கோயிலுக்கு எத்தனை கூரை மாறியது என்று அங்கே ஒருவரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எத்தனை பொங்கல் தவறியது என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

கட்டடமே தேவைப்படாத கோயில்களும் இரண்டு நாட்டிலும் உண்டு. நாரா அருகே மீவா என்ற மலை. 467 மீற்றர் உயரம். அதன் அடியில் ஓமீவாக் கோயில். கும்பிடுகிறவர்கள் நிற்க மண்டபம் இருக்கிறது. இப்போதுள்ள மண்டபம் 1664 இல் கட்டியது. தெய்வம் இருக்கும் கருவறை மட்டும் கிடையாது. மண்டபத்தின் பின்னால் மூன்று வாயில்கள் சேர்ந்த ஓர் அமைப்பு. அதற்குப் பின்னால் மலை. மலைதான் மூலவர். அந்தத் தெய்வத்தைப் பாம்பாகவும் கண்டார்கள். வளாகத்தில் நிற்கும் முதிய தேவதாரு ஒன்றின் பொந்தில் வெள்ளைப் பாம்பு இருப்பதாக நம்பி, இன்றைக்கும் மரத்தடியில் முட்டையும் அரிசி மதுவும் வைக்கிறார்கள். புளியங்குளம் புதூர் நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் நேர்ந்துகொண்ட நம் தாய்மாருக்கு இதைப் பற்றி விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

புனித மரத்தைச் சுற்றி வைக்கோற் புரி கட்டுவார்கள். வாயிலில் இரண்டு தூணும் மேலே குறுக்குக் கட்டையும் வைப்பார்கள். அதன் பெயர் 'தோரி'. நம் தோரணத்திலிருந்து வந்த சொல் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். யப்பானிலேயே பிறந்தது என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். ஒலி ஒத்துப்போவதைக் கண்டு நாம் துள்ளக்கூடாது. சுசுமு ஓனோ என்ற புகழ்பெற்ற யப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று வாதிட்டபோது, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். சனவரி நடுவில் யப்பானில் சில ஊர்களில் செய்யும் அரிசிச் சடங்கையும் அப்போது எழுப்பும் 'ஹொங்கர' என்ற கூவலையும் நம் பொங்கலோடு ஓனோ ஒப்பிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை. எனக்கும் அந்த உறவு தேவைப்படவில்லை. நெல்லை நம்பி, மழையைப் பார்த்து, காட்டோரத்தில் வாழ்ந்த இரண்டு கூட்டம் மனிதர்கள், ஒருவரை ஒருவர் காணாமலே, ஒரு மரத்தின் முன் ஒரே மாதிரி நின்றிருக்கலாம். அதுவே எனக்குப் பெரிய செய்தி.

காட்டுவழி போகிறவர் ஒரு கொத்து முறித்து மரக்கிளையில் செருகி, "பிள்ளையாரே துணை" என்று சொல்லிவிட்டு நடப்பது வன்னியின் பழைய வழக்கம். கும்பிடுவதற்கு அதைவிடச் சிறிய கோயில் இருக்க முடியாது. இன்று ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். யானைக்குப் பயந்து கொத்து முறித்த அதே கைதான் இப்போது தேங்காய் உடைக்கிறது.

இத்தகைய கோயில்களுக்குப் போரும் காலமும் மட்டும் எதிரி என்று நினைக்க வேண்டாம். அன்போடு வருகிற ஒழுங்கும் எதிரிதான். 1868 இல் யப்பானிய அரசு கமியையும் புத்தரையும் பிரித்தது. ஆயிரம் ஆண்டாக ஒரே வளாகத்தில் இருந்தவர்களை ஆணை போட்டுப் பிரித்தார்கள். 1906 இல் இன்னோர் ஆணை: சிறு கோயில்களை எல்லாம் ஒன்றாக்கு, ஊருக்கு ஒன்று போதும். நாட்டில் அப்போது இரண்டு இலட்சம் அளவில் கோயில்கள் இருந்தன. சில ஆண்டுகளில் ஏறத்தாழ எழுபதாயிரம் மறைந்தன. கோயில் போனதும் அதைச் சுற்றி நின்ற காட்டையும் மரவியாபாரிக்கு விற்றார்கள். மினகதா குமகுசு என்ற இயற்கை ஆய்வாளர் இதை எதிர்த்து நின்றார். இலண்டனில் பல ஆண்டு படித்துவிட்டு ஊர் திரும்பி, மரங்களிலும் மண்ணிலும் வளரும் நுண்ணுயிர்களைத் தேடித்திரிந்த மனிதர். கோயிற்காடு போனால் குருவி போகும், குருவி போனால் பயிர்ப்பூச்சி பெருகும், கடலோரக் காடு போனால் மீன் போகும், கூடிக் கும்பிட இடமில்லாத ஊரில் ஒற்றுமையும் போகும் என்று ஓயாமல் எழுதினார். 1910 இல் ஒரு கூட்டத்துக்குள் புகுந்து கலவரம் செய்ததற்காக அவரைப் பிடித்து அடைத்தார்கள். 1920 அளவில் அந்த ஆணையின் வேகம் அடங்கியது. அவர் காப்பாற்றிய சிறுதீவுக் காடு ஒன்று தனபே விரிகுடாவில் இன்றும் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் நமக்கு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆறுமுக நாவலரின் சைவச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரியாகவும் வேறு அம்மன்களாகவும் மாறின. கண்ணகியைக் கண்ணகியாகவே வைத்திருந்தது வன்னியும் மட்டக்களப்பும். நாவலரின் பணியை மதிக்கிறவன் நான். ஆனால் இந்த ஒன்றில் வன்னியின் பிடிவாதத்துக்கு நன்றி சொல்கிறேன். இப்போது வெளிநாட்டுப் பணம் வருகிறது. மரத்தடி வைரவருக்குச் சீமெந்து மண்டபம் எழுகிறது; கூரைக்கு இடைஞ்சலென்று மரத்தின் கிளையை வெட்டுகிறார்கள்; அடுத்த வருடம் மரத்தையே தறிக்கிறார்கள். சிற்பியிடம் சொல்லிச் செய்வித்த சிலை வந்ததும் பழைய கல் பின்பக்கத்து மூலைக்குப் போகிறது. பக்தியோடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நெஞ்சு எரிகிறது. கல்லையும் மரத்தையும் எடுத்த பின் அந்த மண்டபத்துக்கு வயது என்ன? கட்டின ஆண்டு மட்டுந்தான்.

வயதைப் பற்றிய இந்தக் கேள்வி வன்னியில் இப்போது வெறும் அறிவு விவகாரமாக இல்லை. குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறி மலையிலும், முதலில் இருந்தது சைவமா பௌத்தமா என்ற பிணக்காக, அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2024 சிவராத்திரி இரவில் வெடுக்குநாறியில் வழிபடப் போனவர்களில் எட்டுப் பேர் கைதாகி நாட்கணக்கில் மறியலில் இருந்தார்கள். தோண்டி எடுத்த செங்கல்லை நான் தள்ளிவிடமாட்டேன். அது எந்தச் சமயத்தின் செங்கல்லாக இருந்தாலும் வரலாறுதான். ஆனால் செங்கல் மட்டுமே சான்று, பொங்கிய பானை சான்றில்லை என்றால் அந்த வரலாறு பாதிதான். உலகமும் இதை மெல்ல ஒப்புக்கொண்டது. 1964 இன் வெனிஸ் சாசனம் பழைய கல்லையும் மரத்தையும் மையமாக வைத்தது. 1994 இல் நாராவில் கூடிய வல்லுநர்கள், ஒரு மரபுச்சின்னம் மெய்யானதா என்பதை அந்தந்தப் பண்பாட்டின் கண்ணால் பார்க்க வேண்டும், அதன் பயன்பாடும் செய்முறையும் இடமும் உணர்வும் கணக்கில் வர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கல்லை விட மரத்தை நம்பிக் கோயில் கட்டிய நாட்டில் அந்த ஆவணம் பிறந்தது பொருத்தம்.

மருதடிக்குத் திரும்புகிறேன். அந்த மரத்தில் செல் துண்டுகள் ஏறியிருக்கின்றன. பட்டை மூடி, வீங்கி, முடிச்சு முடிச்சாக இருக்கும் இடங்களைப் பெரியவர் தடவிக் காட்டினார். இப்படிப்பட்ட மரத்தை மரக்காலைக்காரர் வாங்கமாட்டார்கள். வாளின் பல் உடைந்துவிடும். "ஐயனார் தன்ர மரத்தைத் தானே காப்பாத்தினவர்" என்றார். திரும்பி வந்த வருடம் சூலம் சருகுக்குள் சரிந்து கிடந்தது. அதே குழியில் நட்டார்கள். பானை வாங்கக் காசில்லை; நிவாரணமாகக் கிடைத்த அலுமினியச் சட்டியில் அந்த முறை பொங்கினார்கள். அடுத்த வருடம் மண்பானை.

ஆனால் மரத்தின் ஒரு பக்கம் பட்டுக்கொண்டு வருகிறது. அதற்கு ஐந்து பாகம் தள்ளி இடுப்பளவில் ஒரு மருதங்கன்று. மாடு கடிக்காமல் சுற்றி முள்வேலி. வைத்தவர் பெரியவரின் பேத்தி. நிழல் விழ எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். "எனக்கு வேண்டாம், அதுகளுக்கு" என்று வயலில் நின்ற பிள்ளைகளைக் காட்டினார். இசேயில் 1923 இல் ஒரு காட்டுத் திட்டம் தொடங்கினார்கள். கோயில் மரத்துக்கு வெளியூர்க் காடுகளை நம்பியிருக்க வேண்டாமென்று இருநூறு ஆண்டுக் கணக்கில் ஹினோக்கி நட்டார்கள். நட்டவர் ஒருவரும் இன்று இல்லை. 2013 கோயிலில் அந்தக் காட்டின் மரமும் சேர்ந்தது.

படிவத்தைப் பெரியவர் என்னிடமிருந்து வாங்கி மடித்தார். நான்கு கட்டத்துக்குள் 2013 என்று போடும்படியும், ஓரத்தில் இடமிருக்கிறது, அதில் 'மண்டபம்' என்று எழுதும்படியும் சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். மருதமரம், கல், சூலம், கிடுகுக் கொட்டில், தகப்பனார் பொங்கிய ஆண்டு, பொங்காமல் விட்ட ஆண்டுகள், திரும்பப் பொங்கிய ஆண்டு. பேத்தி எழுதிக்கொண்டே போனாள். பின்பக்கம் நிரம்பி இன்னொரு தாள் தேவைப்பட்டது.

(அடுத்த பகுதியில்: ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் – குரக்கன் ஒட்டுக்கு வைத்த தீயில் வேகாத இலிங்கம்)